விண்வெளிப் பயணி நம் கடலில் விழுந்தால் எந்தச் சட்டம்?

மூக்கையூரான்:

எல்லோருக்கும் வணக்கம். பதிவு கொஞ்சம் நீளம்.

2025 ஜூலை 15 அன்று விண்வெளி வீரர் சுபான்ஷு சுக்லா கலிஃபோர்னியா கரைக்கு அப்பால் பசிபிக் கடலில் வந்து இறங்கியதை வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பார்த்தோம். அப்பா நாற்பது வருடமாக வல்லத்தில் (நாட்டுப்படகில்) நண்டுவலை போடுகிறவர். பாராசூட்டோடு கலம் தண்ணீரைத் தொட்டதும் அவர் கேட்டது: “அந்த இடத்துல தொழில் பார்க்கிறவங்களை முன்னாடியே வெளியேத்தியிருப்பாங்களா?” அப்புறம், “வழி தப்பி நம்ம வல்லத்து மேல விழுந்தா யார்கிட்டப் போய்க் கேட்கிறது?”

நான் மதுரையில் சட்டம் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். அப்பாவுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அதற்குப் பிறகு படித்ததில் தெரிந்துகொண்டதை இங்கே வைக்கிறேன்.

சுக்லா இந்திய அரசு அனுப்பிய ஆள். ஆனால் பயணத்தை நடத்தியது ஆக்ஸியம் என்ற தனியார் நிறுவனம், கலமும் ராக்கெட்டும் இன்னொரு தனியார் நிறுவனமான ஸ்பேஸ்எக்ஸுடையவை. 1967-ல் விண்வெளி ஒப்பந்தம் எழுதியவர்கள் காலத்தில் மேலே போனவர்கள் எல்லோரும் அரசு ஆட்கள். இருந்தாலும் தனியாரும் வருவார்கள் என்று அந்த ஒப்பந்தத்தின் 6-வது பிரிவு நினைத்திருக்கிறது: ஒரு நாட்டைச் சேர்ந்த தனியார் விண்வெளியில் செய்வதற்கும் அந்த நாட்டு அரசுதான் பொறுப்பு, அனுமதி கொடுக்கவும் தொடர்ந்து கண்காணிக்கவும் வேண்டும். 1972-ல் வந்த இழப்பீட்டுப் பொறுப்பு உடன்படிக்கை இன்னும் ஒரு படி மேலே போகிறது. விண்கலமோ அதன் பாகமோ பூமியின் மேற்பரப்பில் சேதம் செய்தால், தவறு யாருடையது என்று நிரூபிக்கவே வேண்டாம். ஏவிய நாடு இழப்பீடு தர வேண்டும். கடல் மேற்பரப்பும் அதில் அடங்கும், ஆகவே வல்லமும் அடங்கும்.

இதுவரை படித்தபோது நிம்மதியாக இருந்தது. அடுத்து அதே உடன்படிக்கையின் 7-வது பிரிவு. ஏவிய நாட்டின் சொந்தக் குடிமக்களுக்கு ஏற்படும் சேதத்துக்கு இந்த உடன்படிக்கை பொருந்தாது.

அதாவது குலசேகரப்பட்டினத்திலிருந்தோ ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்தோ ஒரு நிறுவனம் ஏவுகிற கலம் மன்னார் வளைகுடாவில் சிதறி விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தலைமன்னார் மீனவரின் படகு உடைந்தால் இலங்கை அரசு இந்தியாவிடம் கேட்கலாம், தவறை நிரூபிக்காமலே கேட்கலாம். அதே நாளில், அதே தண்ணீரில் எங்கள் அப்பாவின் வல்லம் உடைந்தால் இந்த உடன்படிக்கையில் அவருக்கு இடமில்லை.

குலசேகரப்பட்டினம் சிறிய ராக்கெட்டுக்கான தளம், ஆளை ஏற்றும் தளம் இல்லை என்பது தெரியும். ஆனால் காசு கொடுத்து மனிதர்கள் மேலே போகிற தொழில் உலகத்தில் தொடங்கிவிட்டது, நம் நாட்டுக்கும் வரும். வருவதற்குள் நாம் என்ன கேட்க வேண்டும்? தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

துபாயில் தொண்டி:

தம்பி, நல்ல உழைப்பு. ஆனால் கரையில் இருக்கிறவர்களைப் பயமுறுத்துகிற மாதிரி இருக்கிறது. நான் இயந்திரப் பொறியாளர், விமானப் பராமரிப்பில் இருக்கிறேன். ஏவும் நேரத்தில் பாதையைக் காலி செய்கிறார்கள், கப்பலுக்கும் விமானத்துக்கும் முன்னறிவிப்பு போகிறது. வல்லத்தின் மேல் விழ வாய்ப்பு மிக மிகக் குறைவு.

இன்னொன்று. தொடக்கத்திலேயே சட்டத்தைக் கொட்டினால் எந்தத் தொழிலும் வளராது. அமெரிக்காவில் 2004-ல் ஒரு சட்டம் போட்டார்கள். பயணிகளின் பாதுகாப்புக்கு அங்கே உள்ள விமானப் போக்குவரத்து நிர்வாகம் விதி எழுதக் கூடாது, தொழில் கற்றுக்கொள்ளட்டும் என்று ஒரு கால அவகாசம் கொடுத்தார்கள். அதைத் திரும்பத் திரும்ப நீட்டி, 2024-ல் 2028 ஜனவரி 1 வரை கொண்டு போயிருக்கிறார்கள். அந்தச் சுதந்திரம் இல்லாவிட்டால் 2021-ல் நான்கு சாதாரண மனிதர்கள் மூன்று நாள் பூமியைச் சுற்றிவிட்டு வந்திருக்க முடியாது. அப்துல் கலாம் பிறந்த மண்ணிலிருந்து நாம் இதைத் தடுக்கிற குரலாக இருக்கக் கூடாது என்பது என் ஆசை.

மூக்கையூரான்:

அண்ணே, தடுக்கச் சொல்லவில்லை. எனக்கும் போக ஆசை உண்டு. அந்த அவகாசம் பயணி பாதுகாப்புக்கு மட்டும்தானே? கீழே இருக்கிறவர்களுக்கு என்ன என்பதுதான் என் கேள்வி.

கீழக்கரை வக்கீல்:

தம்பி மூக்கையூரான் கேட்டதும் தொண்டிக்காரர் சொன்னதும் இரண்டு வேறு விஷயங்கள். பிரித்துக்கொண்டால் தெளிவாகும். நான் கப்பல் இன்சூரன்ஸ் வழக்குகள் பார்க்கிறவன், அந்தக் கண்ணோடு சொல்கிறேன்.

முதலில் கலத்துக்குள் உட்காருகிறவர். மதுரையிலிருந்து கொழும்புக்கு விமானத்தில் போகிறீர்கள், விபத்து நடக்கிறது. 1999-ன் மான்ட்ரியல் உடன்படிக்கை இருக்கிறது, இந்தியா 2009-ல் அதில் சேர்ந்தது. ஒரு குறிப்பிட்ட தொகை வரை விமான நிறுவனம் தன் மேல் தவறில்லை என்று வாதாடவே முடியாது. டிக்கெட்டின் பின்பக்கம் என்ன அச்சடித்திருந்தாலும் அந்த உரிமை போகாது. விண்வெளிப் பயணிக்கு இப்படி ஒரு சர்வதேச உடன்படிக்கை கிடையாது. அமெரிக்க விதிப்படி, “இந்தக் கலம் ஆட்களை ஏற்றப் பாதுகாப்பானது என்று அமெரிக்க அரசு சான்று அளிக்கவில்லை” என்பதை நிறுவனம் எழுத்தில் சொல்ல வேண்டும். பயணி படித்து, கேள்வி கேட்டு, கையெழுத்துப் போட வேண்டும். வழக்குப் போடும் உரிமையையும் அவர் விட்டுக்கொடுக்கிறார். அங்கே சட்டத்தில் அவருக்குப் பயணி என்ற பெயர்கூட இல்லை, “விண்வெளிப் பயணப் பங்கேற்பாளர்”. பயணி என்று சொல்லிவிட்டால் பயணிக்குரிய உரிமைகள் பின்னாலேயே வந்துவிடும்.

வேறு நாட்டுக்காரர் அந்தக் கலத்தில் போய் அடிபட்டால்? 7-வது பிரிவிலேயே இன்னொரு வரி இருக்கிறது. கலத்தின் இயக்கத்தில் பங்கெடுக்கும் வெளிநாட்டவருக்கும் உடன்படிக்கை பொருந்தாது. ஜன்னல் ஓரம் உட்கார்ந்து பூமியைப் பார்க்கிறவர் இயக்கத்தில் பங்கெடுக்கிறாரா? ஒரு சொல்லை வைத்து இரண்டு பக்கமும் வாதாடலாம். எந்த நீதிமன்றமும் இன்னும் தீர்த்துச் சொல்லவில்லை.

சரி, அவர் ஆபத்தைத் தெரிந்துகொண்டு கையெழுத்துப் போட்டுப் போகிறார் என்று விடுவோம். கீழே வல்லத்தில் இருக்கிறவர் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடவில்லை. தம்பியின் கேள்விக்கு அதனால்தான் நான் அதிக எடை கொடுக்கிறேன்.

ஒரு திருத்தம். வெளிநாட்டு நிறுவனம் இந்திய மண்ணிலிருந்து ஏவினால், இந்தியாவும் ஏவிய நாடு, ஏவச் செய்த அந்த நாடும் ஏவிய நாடு. நம் குடிமகனுக்காக இந்தியா அந்த இன்னொரு நாட்டிடம் கேட்கலாமா என்பதில் அறிஞர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. இந்தியாவிடமே கேட்க இந்த உடன்படிக்கையில் வழியில்லை என்பது மட்டும் உறுதி.

பாம்பன் தென்கடல்:

படிச்சவங்க பேசுற இடத்தில் நான் எழுதலாமா என்று யோசித்தேன். மகள்தான் தட்டச்சு செய்து தருகிறாள்.

கடலில் ஒருத்தன் தத்தளித்தால் எந்த ஊர், எந்த நாடு என்று கேட்கிற வழக்கம் எங்களுக்குக் கிடையாது. கச்சான் காற்று அடித்த ஒரு நாளில் இயந்திரம் நின்று போன ஒரு படகை வடகடலில் இருந்து கட்டி இழுத்து வந்தோம். எங்கள் வலையை அறுத்துப் போட்டுவிட்டுத்தான் போனோம். டீசல், வலை, அன்றைய பாடு எல்லாம் போச்சு. ஆறு பேர் உயிரோடு கரை வந்தார்கள், அது போதும் என்று இருந்தோம். பிறகு ஒரு அலுவலகத்தில் வலைக்கு நிவாரணம் கேட்டு எழுதிக் கொடுத்தோம். பதிலே வரவில்லை. அதைக் கேட்கப் போய்வந்த பஸ் காசுகூட வரவில்லை.

இப்போது எனக்குத் தெரிய வேண்டியது இது. வானத்திலிருந்து ஒரு பெட்டி ஆளோடு எங்கள் பக்கத்தில் வந்து விழுந்தால் நாங்கள் கண்டிப்பாகப் போவோம். நெருங்கலாமா? தொட்டால் விஷம் உண்டா? எல்லைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் விழுந்தால் தாண்டிப் போகலாமா? தாண்டினால் அந்த நாட்டுக் கடற்படை நாங்கள் காப்பாற்றப் போனோம் என்று நம்புமா? எங்கள் பக்கத்தில் இதற்கெல்லாம் எத்தனை பேர் சிறையில் கிடந்திருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும்.

மூக்கையூரான்:

ஐயா, நீங்கள் எழுதியதைப் படித்ததும் மீட்பு ஒப்பந்தத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். அது 1968-ல் வந்தது. விண்கலப் பணியாளர்கள் விபத்தில் ஒரு நாட்டு எல்லைக்குள் விழுந்தால் அந்த நாடு உடனே தேடி மீட்க வேண்டும். எந்த நாட்டுக்கும் சேராத கடலில் விழுந்தால் உதவ முடிகிற நாடுகள் உதவ வேண்டும். பிறகு பத்திரமாக, தாமதமில்லாமல் திருப்பி அனுப்ப வேண்டும்.

செலவைப் பற்றிய வரி எனக்கு வலித்தது. விழுந்த பொருளைத் தேடி எடுத்துத் திருப்பிக் கொடுக்க ஆன செலவை ஏவியவர்கள் தர வேண்டும் என்று 5-வது பிரிவில் எழுதியிருக்கிறார்கள். மனிதரை மீட்ட செலவுக்கு அப்படி ஒரு வரி இல்லை. இரும்புத் துண்டை இழுத்து வந்தால் அரசுக்குச் செலவு கேட்கும் உரிமை உண்டு, உயிரை இழுத்து வந்தால் ஒப்பந்தத்தில் ஒன்றும் இல்லை. உயிரைக் காப்பாற்றக் காசு கேட்பது தகாது என்ற நல்ல எண்ணத்தில் விட்டிருக்கலாம். ஆனால் அன்றைக்குப் போனவர்கள் அரசு ஊழியர்கள். இன்று பல கோடி கொடுத்துப் போகிறவரையும் நடத்துகிற நிறுவனத்தையும் காப்பாற்ற, ஒரு நாட்டுப்படகுக்காரர் தன் வலையை அறுக்க வேண்டுமென்றால் அந்த வலைக்கு நிறுவனம் பணம் கட்டட்டும்.

நெருங்கலாமா என்று கேட்டீர்கள். சில கலங்களின் உந்துபொறிகளில் ஹைட்ரசீன் வகை எரிபொருள் இருக்கும், அதன் ஆவி மூச்சில் போனால் ஆபத்து. தனியார் கலங்கள் இறங்கும்போது மீட்புக் குழு முதலில் ஆவி கசிகிறதா என்று சோதித்த பிறகுதான் கலத்தைத் தொடுகிறது. நம் கரையில் யாருக்கும் இதை யாரும் சொல்லித் தந்ததில்லை.

எல்லையைத் தாண்டலாமா என்பதற்கு வக்கீல் சார்தான் சொல்ல வேண்டும்.

கீழக்கரை வக்கீல்:

கடலில் உயிராபத்தில் இருக்கிற எவருக்கும் உதவ வேண்டும் என்று கடல் சட்ட உடன்படிக்கையின் 98-வது பிரிவு சொல்கிறது. ஆனால் அந்தப் பிரிவைக் காட்டினால் ரோந்துக் கப்பல் விட்டுவிடும் என்று நான் உங்களுக்கு வாக்குக் கொடுக்க மாட்டேன். கடலோரக் காவல்படைக்கு வயர்லெஸ்ஸில் சொல்லி, அவர்கள் மறுபக்கத்துக்குச் சொல்லி, அதன் பிறகு போவதுதான் பாதுகாப்பு. இரண்டு நாடுகளும் இதற்கென்று முன்கூட்டியே ஓர் ஏற்பாடு எழுதி வைத்திருக்க வேண்டும்.

சாயல்குடி டீச்சர்:

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைப் பேய்க்கரும்பில் உள்ள கலாம் நினைவிடத்துக்கு அழைத்துப் போயிருந்தேன். திரும்பும்போது பஸ்ஸில் ஒரு பெண் கேட்டாள், “டீச்சர், வானம் எங்க முடிஞ்சு விண்வெளி எங்க ஆரம்பிக்குது?” 100 கிலோமீட்டர் என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் அது பாதிப் பதில் என்று தெரிந்தது. 100 கிலோமீட்டரைக் கார்மன் கோடு என்று பலரும் ஏற்கிறார்கள். அமெரிக்காவில் 50 மைல், கிட்டத்தட்ட 80 கிலோமீட்டர் போனாலே விண்வெளி வீரர் என்கிறார்கள். எந்த ஒப்பந்தத்திலும் எல்லை எழுதப்படவில்லை.

இது வெறும் பாடப் புத்தகக் கேள்வி இல்லை என்று நினைக்கிறேன். காற்றுவெளி கீழே உள்ள நாட்டுக்கு முழுச் சொந்தம் என்று 1944-ன் சிகாகோ உடன்படிக்கை சொல்கிறது. விண்வெளி யாருக்கும் சொந்தமில்லை என்று 1967 ஒப்பந்தம் சொல்கிறது. 2021 ஜூலையில் இந்திய வம்சாவளிப் பெண் சிரிஷா பண்ட்லா போன கலம் 80-ஐத் தாண்டியது, 100-ஐத் தொடவில்லை. ஒரு தாய் விமானத்தில் தொங்கிக்கொண்டு மேலே போய், பிறகு பிரிந்து ராக்கெட்டாக எரிந்து, கடைசியில் கிளைடர் போலத் தரை இறங்கியது. அது விமானமா, விண்கலமா? எந்தச் சட்டப்படி இழப்பீடு?

1967 ஒப்பந்தத்தின் 5-வது பிரிவு விண்வெளி வீரர்களை மனிதகுலத்தின் தூதர்கள் என்கிறது. காசு கொடுத்துப் பத்து நிமிடம் போய் வருகிறவரையும் தூதர் என்று பிள்ளைகளுக்குச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அவர் விழுந்தால் காப்பாற்ற வேண்டும் என்பதில் எனக்கு இரண்டு எண்ணம் இல்லை.

கீழக்கரை வக்கீல்:

டீச்சரம்மா, உங்கள் மாணவி கேட்டதை வியன்னாவில் உள்ள ஐ.நா. விண்வெளிக் குழுவும் 1960-களிலிருந்து பேசிக்கொண்டிருக்கிறது. அங்கே எல்லா நாடும் ஒத்துக்கொண்டால்தான் முடிவு. விண்வெளிக்கு ஐந்து ஒப்பந்தங்கள், கடைசியாக வந்தது 1979-ன் நிலவு ஒப்பந்தம். அதிலும் பெரிய விண்வெளி நாடுகள் சேரவில்லை, இந்தியா கையெழுத்தோடு நிறுத்திக்கொண்டது. ஆகவே வியன்னாவிலிருந்து புதிய உடன்படிக்கை வரும் என்று காத்திருக்க வேண்டாம். நம் வேலை டெல்லியில்தான் இருக்கிறது.

துபாயில் தொண்டி:

இரண்டு நாளாக யோசித்தேன். என் முதல் பதிவில் ஒரு பகுதியை மாற்றிக்கொள்கிறேன்.

2014 அக்டோபர் 31 அன்று அமெரிக்காவின் மொஹாவி பாலைவனத்தில், டீச்சர் சொன்ன அதே வகையான ஸ்பேஸ்ஷிப்டூ கலம் சோதனைப் பறப்பில் உடைந்தது. துணை விமானி இறந்தார். கலத்தின் வாலை மடக்கும் அமைப்பின் பூட்டை அவர் சில நொடிகள் முன்பே திறந்துவிட்டார். அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் விசாரித்து, ஒரு மனிதப் பிழையே கலத்தை அழிக்கும் என்பதை வடிவமைத்தவர்கள் கணக்கில் எடுக்கவில்லை என்றது. நான் வேலை செய்கிற விமானத் துறையில் ஒரு கை தவறினால் இன்னொரு தடுப்பு இருக்கும். அந்தத் தடுப்பு ஒவ்வொன்றும் முன்னால் செத்தவர்களின் கணக்கிலிருந்து எழுதியது. விண்வெளியிலும் அதே விலை கொடுத்துத்தான் கற்றுக்கொள்ள வேண்டுமா என்று இப்போது தோன்றுகிறது.

அவகாசம் வேண்டும் என்பதில் நான் மாறவில்லை. பயணி தன் விருப்பத்தோடு எடுக்கிற ஆபத்துக்கு மட்டும் அது இருக்கட்டும். கரைக்கும் கடலுக்கும் அவகாசம் கிடையாது. அமெரிக்காவிலேயே கீழே உள்ளவர்களுக்காக 50 கோடி டாலர் வரை நிறுவனம் இன்சூரன்ஸ் எடுக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. நம்மிடம் என்ன இருக்கிறது, வக்கீல் சார்?

கீழக்கரை வக்கீல்:

2017-ல் விண்வெளிச் செயல்பாடுகள் மசோதா என்று ஒரு வரைவு மக்கள் கருத்துக்கு வந்தது, சட்டமாகவில்லை. 2020-ல் தனியாருக்கு அனுமதி தர இன்ஸ்பேஸ் அமைப்பை அறிவித்தார்கள். 2023-ல் விண்வெளிக் கொள்கை, 2024 மே மாதம் அனுமதிக்கான விதிமுறைகள். எல்லாம் நல்ல ஏற்பாடுதான். ஆனால் கொள்கையைக் காட்டி ஒரு மீனவர் ராமநாதபுரம் மாவட்ட நீதிமன்றத்தில் இழப்பீடு கேட்க முடியாது. நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் வேண்டும்.

அதுவரை நமக்கு ஒரே பிடிமானம், டெல்லி ஓலியம் வாயுக் கசிவு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1986-ல் சொன்ன முழுப் பொறுப்புக் கொள்கை. ஆபத்தான தொழிலை நடத்துகிறவர் சேதத்துக்குப் பொறுப்பு, விதிவிலக்கு எதுவும் கிடையாது. ராக்கெட்டுக்கும் அது பொருந்தும் என்று நான் வாதாடுவேன். ஆனால் அதற்கு ஒவ்வொரு குடும்பமும் வழக்குப் போட்டு வருடக்கணக்கில் நிற்க வேண்டும்.

நாடுகள் பேசித் தீர்த்தாலும் எவ்வளவு நாள் ஆகும் தெரியுமா? 1978 ஜனவரியில் அணு உலையோடு சோவியத் செயற்கைக்கோள் காஸ்மோஸ் 954 கனடாவில் விழுந்தது. கனடா சுமார் 60 லட்சம் கனடா டாலர் கேட்டது, 1981-ல் 30 லட்சம் கிடைத்தது. நம் பக்கம் பார்த்தால், 2012 பிப்ரவரியில் கேரளக் கடலில் இத்தாலியக் கப்பலில் இருந்த அந்நாட்டுக் கடற்படை வீரர்கள் சுட்டு இரண்டு மீனவர்கள் செத்தார்கள், அதில் ஒருவர் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர். 10 கோடி ரூபாய் கட்டி வழக்கு முடிந்தது 2021 ஜூனில். ஒன்பது வருடம். வல்லம் உடைந்த குடும்பம் ஒன்பது மாதம் தாங்காது.

பாம்பன் தென்கடல்:

வக்கீல் காக்கா, ஒரு சந்தேகம். வல்லம் உடையவே இல்லை. ஆனால் ராக்கெட் விடுகிறோம், கடலுக்குப் போகாதே என்று சொல்லிவிட்டார்கள். மழை மேகம் என்று தள்ளிவைத்தார்கள், மறுநாளும் போகாதே. அந்த இரண்டு நாள் பிழைப்புக்கு யார் பொறுப்பு?

கீழக்கரை வக்கீல்:

சரியான இடத்தில் கை வைத்தீர்கள். 1972 உடன்படிக்கையில் சேதம் என்றால் உயிர், உடல், உடைமை. போகாமல் விட்ட தொழில் அதில் இல்லை. அதையும் நம் சட்டத்தில்தான் எழுத வேண்டும். மீன்பிடித் தடைக்கால நிவாரணம் கொடுக்கிற நாட்டுக்கு ஏவும் நாள் நிவாரணம் புதிய யோசனை ஆகாது. அதை அரசு கொடுக்காமல் ஏவுகிறவர் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம்.

மூக்கையூரான்:

எல்லோருக்கும் நன்றி. அப்பாவிடம் முழு இழையையும் படித்துக் காட்டினேன். வருகிற ஞாயிறு ஊர்க் கூட்டத்தில் ஒரு மனு எழுதலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். நாடாளுமன்ற உறுப்பினருக்கும் விண்வெளித் துறைக்கும் அனுப்புவோம்.

ஆளோடு போனாலும் ஆளில்லாமல் போனாலும், இந்திய மண்ணிலிருந்து ஏவும் எந்தக் கலத்தாலும் இந்தியக் குடிமகனுக்குச் சேதம் வந்தால், வெளிநாட்டவருக்குக் கிடைக்கும் அதே உரிமை, தவறை நிரூபிக்காமல் கிடைக்க வேண்டும். இது முதல் கோரிக்கை, மற்றதெல்லாம் இதற்குப் பின்னால்தான். கட்டாய இன்சூரன்ஸ் அனுமதிக்கு முன்பே கட்டியிருக்க வேண்டும், அதிலிருந்து மாதக் கணக்கில் இல்லாமல் வாரக் கணக்கில் இடைக்கால நிவாரணம் வர வேண்டும். கடலை மூடும் நாள்களுக்குத் தொழில் இழப்பு. மீட்கப் போகும் படகுக்கு டீசலும் வலையும். இலங்கையோடு முன்கூட்டிய மீட்பு ஏற்பாடு. விழுந்த கலத்தை எப்படி நெருங்குவது என்று கரையோர ஊர்களில் பயிற்சி.

விட்டுப்போனது ஏதாவது உண்டா?

பாம்பன் தென்கடல்:

தம்பி, இதையும் சேர்த்துக்கொள். போகாதே என்கிற அறிவிப்பு இங்கிலீஷில் ஒரு காகிதமாக அலுவலகச் சுவரில் ஒட்டினால் எங்களுக்கு வராது. முந்தின நாளே, கடலுக்குப் போக டோக்கன் கொடுக்கும் இடத்திலும், கடலில் இருக்கிறவர்களுக்கு வாக்கி டாக்கியிலும், தமிழில் சொல்ல வேண்டும். எந்த இடம் என்பதை எங்கள் ஜிபிஎஸ்ஸில் போடுகிற மாதிரி எண்ணாகச் சொல்ல வேண்டும். வலை விட்டால் எடுக்க ஆறு மணி நேரம் ஆகும், அதற்கு முன்பே சொல்ல வேண்டும்.

ஞாயிறு காலை நான் மூக்கையூர் வருகிறேன். எங்கள் சங்கத்து ஆட்கள் நான்கு பேரும் வருவார்கள்.